ஐந்து எழுத்தைத் தேடிப் பதினோரு ராத்திரி

ஐந்தே ஐந்து எழுத்துதான். காப்பா, ஓமிக்ரான், மியூ, ஆல்ஃபா, ரோ. சேர்த்து வாசித்தால் கோமர், அதாவது நம்ம கன்னியாகுமரி. ஏறக்குறைய 1100 வருஷத்துக்கு முந்தைய ஒரு கிரேக்கக் கையெழுத்துப் பிரதியில் இந்த ஐந்து எழுத்தும் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு ராத்திரி ஆனது. அதுவும், இன்ன இடத்தை ஒட்டித்தான் வரும் என்று அச்சுப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு. கண்ணில் பட்டபோது மணி ஒன்றரை, கரண்ட் இல்லை, போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தம் போட்டு யாரையாவது எழுப்பலாமா என்று இருந்தது, எழுப்பினால் மைனி என்ன கேட்பாள் என்பதும் தெரியும் ("இதுக்கு யாரு சம்பளம் தாரா?"), அதனால் ஒரு கட்டன் சாயா போட்டுக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

எங்கள் ஊர் களியக்காவிளைக்குச் சற்று இந்தப் பக்கம். வீட்டுத் தொழில் பத்திரம் எழுதுவது. இங்கே பத்திரம், கேரள எல்லைச் செக்போஸ்ட் தாண்டினால் ஆதாரம், அப்பா இன்றைக்கும் பிரமாணம் என்றுதான் சொல்வார். 1956 நவம்பர் 1 வரை விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கு தாலுகாவும் திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவை. அதனால் தாத்தா காலத்துச் சொத்துக்கு மூலம் தேடிப் போனால் பெரும்பாலும் மலையாளக் கையெழுத்தில்தான் வந்து நிற்கும். கொல்லம் ஆண்டு, மேடம் இடவம் என்று மாதம், பழைய மலையாள எண்கள், இப்போது யாரும் எழுதாத கூட்டெழுத்துகள். கேரளத்தில் 1971இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து உகரக் குறியையெல்லாம் எழுத்திலிருந்து பிரித்து வைத்துவிட்டார்கள், அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போன, எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பாறசாலைக்காரர்களுக்கே இந்தப் பழைய கை, அதாவது கையெழுத்து, திணறும். பேங்க்காரர் மூலப் பத்திரம் கேட்பார், வாசிக்க ஆள் இருக்காது, அப்பாவைத் தேடி வருவார்கள்.

அப்பா உடனே வாசிக்க மாட்டார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். பிறகு "இது வாலன் கை" என்பார். வாலன் யாரென்று யாருக்கும் தெரியாது, எந்தக் காலத்திலோ பதிவுப் புத்தகத்தில் நகல் எழுதிய ஒரு குமாஸ்தா, எல்லா எழுத்துக்கும் வால் இழுத்துவிடுகிற ஆள், அவ்வளவுதான். கொக்கி என்று இன்னொருவர் உண்டு. ஈர்க்கில் என்று ஒருவர், ஈர்க்குச்சியால் எழுதியதுபோல மெலிந்த கை. மூவரும் செத்துப்போய் எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், ஆனால் எங்கள் வீட்டில் அவர்களைப்பற்றி நேற்றுப் பார்த்தவர்கள்போலப் பேச்சு நடக்கும். "வாலன் அன்னைக்கு மத்தியானத்துக்கு மேலே எழுதியிருக்கான், தூக்கம் தெரியுது பாரு."

கிரேக்கம் எனக்கு வந்தது வேறு வழியில். ஊரில் ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் இருந்தார், புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் தெரிந்தவர், சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்காமல் தவித்தவர். சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று போக ஆரம்பித்து நான்கு வருஷம் போனேன். அச்சுக் கிரேக்கம் ஓரளவு ஓடும் என்ற நிலை வந்தது. அப்போது ஒரு திமிர் வந்ததே. மலையாளக் கையெழுத்தே வாசிக்கிறவளுக்கு கிரேக்கக் கையெழுத்து எம்மாத்திரம் என்று சைனாய்ட்டிகஸ் என்ற பழைய கிரேக்க வேதாகமச் சுவடியை இணையத்தில் திறந்தேன்.

4ஆம் நூற்றாண்டுச் சுவடி அது. ஏடுகள் லண்டன், லைப்சிக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், சினாய் மலை மடம் என்று நான்கு இடத்தில் சிதறிக் கிடக்கின்றன, 2009 முதல் இணையத்தில் ஒன்றாகப் பார்க்கலாம். பக்கத்துக்கு நான்கு பத்தி. எல்லாம் பெரிய எழுத்து, அழகான எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக, வட்டம் வட்டமாக. எழுத்து தெரிகிறது. சொல்தான் எங்கே என்று தெரியவில்லை. இடைவெளியே கிடையாது. நம் கல்வெட்டும் ஓலைச்சுவடியும் அப்படித்தானே என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம், ஆனால் 'பலகை' என்பதைப் பலகை என்று பிரிப்பதா பல கை என்று பிரிப்பதா என்று நமக்குத் தமிழ் பழகிய காது சொல்லிவிடும், கிரேக்கத்தில் எனக்கு அந்தக் காது இல்லை. போதகர் ஐயா சொன்ன வழி எளிமையானது: வாயை மூடிக்கொண்டு வாசிக்காதே. உரக்க வாசித்தேன். நான்கைந்து வரிக்குப் பிறகு சொற்கள் தாமாகப் பிரிந்து விழ ஆரம்பித்தன. அப்பாவும் பத்திரத்தை முணுமுணுத்துத்தான் வாசிப்பார், அது வயசால் வந்த பழக்கம் என்று நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

அப்புறம் சுருக்கங்கள். கடவுள், ஆண்டவர், இயேசு, கிறிஸ்து போன்ற சொற்களை முழுதாக எழுத மாட்டார்கள். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் எழுதி மேலே ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். வரி முடியும் இடத்தில் நியூ என்ற எழுத்து வந்தால் அதற்குப் பதிலாகவும் வெறும் கோடுதான். நம் பழைய கணக்கு ஏடுகளில் வருஷம், மாதம், நாள், மேற்படி எல்லாவற்றுக்கும் ஒரு சுழி போட்டு முடித்த ஆட்களின் பேத்திக்கு இதில் ஆச்சரியம் இருக்கக் கூடாது. எண்களும் எழுத்துகளே. ஆல்ஃபா ஒன்று, பீட்டா இரண்டு. நம்மிடம் க ஒன்று, உ இரண்டு என்று இருக்கவில்லையா? இந்த இடத்தில் மட்டும் தமிழ்க்காரர்களுக்குக் கொஞ்சம் முன்னுரிமை உண்டு என்று சொல்லிக்கொள்கிறேன்.

இந்தப் பெரிய எழுத்தோடு நின்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ். கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து செங்கடல் வழியாக நம் கரைக்கு வந்துபோன கிரேக்க வணிகன் யாரோ எழுதிய குறிப்பு. முசிறி, தொண்டி, குமரி, கொற்கை எல்லாம் அதில் உண்டு என்று பாடப்புத்தகத்திலேயே படித்திருப்போம். படிக்காதது என்னவென்றால், அந்த நூல் இன்றைக்கு நம் கையில் இருப்பதற்கு ஒரே ஒரு பழைய பிரதிதான் காரணம். லண்டனில் ஒன்று உண்டு, அது பிற்காலத்துப் படி. அந்தப் பழைய பிரதி ஜெர்மனியில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது, 9ஆம் நூற்றாண்டு முடிவிலோ 10ஆம் நூற்றாண்டு தொடக்கத்திலோ கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தில் எழுதியது. அது பட்ட பாடும் கொஞ்சமல்ல. 1533இல் பாசல் நகரத்தில் அதைப் பார்த்து அச்சிட்டார்கள், 1623இல் போர்க்கொள்ளையாக ஹைடல்பெர்க் நூலகத்தோடு சேர்த்துக் கோவேறு கழுதைகளின்மேல் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ரோமுக்குக் கொண்டுபோனார்கள், 1797இல் பிரெஞ்சுக்காரர்கள் பாரிசுக்கு எடுத்துப் போனார்கள், 1816இல் திரும்பி வந்தது. இப்போது பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தும் கேரள அரசின் கையில் இருப்பதைப்பற்றிச் சண்டை பிடிக்கும் நம் ஊர் ஆட்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

ஆனால் அது சிறிய எழுத்து. மினஸ்கியூல் என்பார்கள். 8, 9ஆம் நூற்றாண்டுகளில் உருவான எழுத்து, தேதியோடு கிடைத்தவற்றில் பழையது 835ஆம் ஆண்டின் நற்செய்திச் சுவடி. புத்தகம் எழுதும் தோலுக்கு விலை அதிகம், பெரிய எழுத்து இடத்தைத் தின்னும், மெதுவாகவும் நடக்கும். கணக்குக்கும் கடிதத்துக்கும் ஓட்டமாக எழுதிக்கொண்டிருந்த கையைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திப் புத்தகத்துக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல யோசனைதான், ஆனால் வாசிக்கிறவளுக்கு உயிர் போகிறது. பீட்டா, காப்பா, மியூ, நியூ, ஈட்டா ஐந்தும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல இருக்கின்றன. நம் 'ப'வை முனை மழுக்கி எழுதினால் எப்படி இருக்கும், அதுதான் அடிப்படை உருவம். இடது கால் மேலே நீண்டால் காப்பா, கீழே நீண்டால் மியூ, அந்த நீட்டம் எவ்வளவு என்பது எழுதினவனின் அன்றைய மனநிலை. இடைவெளி இருக்கிறது, ஆனால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இல்லை, ஒரு சொல்லுக்கு நடுவே இருக்கிறது. எந்த எழுத்தை அடுத்ததோடு சேர்த்து இழுக்க முடியவில்லையோ அங்கே கையை எடுத்திருக்கிறான், அவ்வளவே.

முதல் இரண்டு மாதம் நான் செய்த தப்பு, எழுத்துப் பட்டியலை மனப்பாடம் செய்தது. பாடப்புத்தகங்களில் ஒவ்வொரு நூற்றாண்டுக்கும் ஒரு அட்டவணை போட்டிருப்பார்கள், பார்க்கப் பார்க்க எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும், பிரதியைத் திறந்தால் ஒன்றும் ஒட்டாது. பிறகுதான் அப்பாவின் வேலை நினைவுக்கு வந்தது. அவர் மலையாள எழுத்தை வாசிப்பதில்லையே, வாலனையும் கொக்கியையும் அல்லவா வாசிக்கிறார். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். பக்கத்துக்கு ஒரு எழுத்து. இந்த ஒரு ஆள் ஆல்ஃபாவை எத்தனை விதமாக எழுதுகிறான், சொல் முதலில் எப்படி, வரி முடிவில் இடம் போதாதபோது எப்படி என்று பார்த்துப் பார்த்துப் பென்சிலால் வரைந்தேன். பார்த்து வரைவது பெரிய வித்தியாசம் செய்யும், இதை மட்டும் அடித்துச் சொல்வேன். கையை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினான் என்று தெரியாமல் அந்த எழுத்து வராது, அது தெரிந்துவிட்டால் பிறகு கண்ணுக்கு அது இன்னொன்றாகத் தெரியவே தெரியாது. ஒரு பக்கத்தைப் பெயர்த்து எழுத முதலில் எட்டு நாள் ஆனது. இப்போது இரண்டு நாள். வேகம் அதற்குமேல் கூடவில்லை, கூடும் என்ற நம்பிக்கையும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு பத்திரக் கதை சொல்ல வேண்டும், கிரேக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் வந்தது. தாத்தா விலைக்கு வாங்கிய சொத்து, பத்திரத்தின் மேல்பகுதி கரையான் தின்றுவிட்டது, மீதியை வாசித்துத் தமிழில் எழுதித் தாருங்கள் என்றார்கள். அப்பாவுக்குக் காய்ச்சல், நானே வாசித்தேன். தொகை இருக்கிறது, எல்லை இருக்கிறது, எல்லாம் விலைப் பத்திரம்போலத்தான் இருக்கிறது. நடுவில் 'ஒற்ற' என்று இரண்டு இடத்தில் வந்தது. மலையாளத்தில் ஒற்ற என்றால் ஒற்றை. ஒரே தவணையில் பணம் வாங்கினதைச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுதிவிட்டேன். மறுநாள் அப்பா படுத்த இடத்திலிருந்தே வாங்கிப் பார்த்தார். "மக்களே, இது ஒற்ற இல்லே, ஒற்றி." எழுத்தின் மேலே வர வேண்டிய இகரச் சுழி, மேல் வரியின் வாலோடு ஒட்டிக் கிடந்தது. ஒற்றிக்கு, அதாவது அடமானமாக வாங்கிய நிலம், விலைக்கு வாங்கியதே இல்லை. அந்தக் குடும்பத்தின் முகத்தை நான் மறக்க மாட்டேன். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்குச் சொல்லப்பட்டது அதுதான். ஆனால் நான் வாசித்தது தாளில் இருந்ததை அல்ல, வாசலில் அவர்கள் சொன்னதை.

போதகர் ஐயாவிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே முதலாம் தீமோத்தேயு மூன்றாம் அதிகாரம் பதினாறாம் வசனத்தை எடுத்தார். பழைய தமிழ் வேதாகமத்தில் 'தேவன் மாம்சத்திலே வெளிப்பட்டார்' என்று இருக்கும். கிரேக்கத்தில் 'தேவன்' என்பதன் சுருக்கம் தீட்டா, சிக்மா, மேலே கோடு. 'அவர்' என்று பொருள்படும் சொல் ஓமிக்ரான், சிக்மா. ஓமிக்ரான் வெறும் வட்டம், தீட்டா நடுவில் கோடு போட்ட வட்டம். ஆக, இரண்டு சிறு கோடு இருந்தால் தேவன், இல்லாவிட்டால் அவர். 5ஆம் நூற்றாண்டின் அலெக்சாந்திரினுஸ் சுவடியில் அந்த நடுக்கோடு இருக்கிறதா இல்லையா என்று பெரிய வழக்கே நடந்தது. தெரிவது கோடே அல்ல, ஏட்டின் மறுபக்கத்து எழுத்தின் மை இந்தப் பக்கம் தெரிகிறது என்று 18ஆம் நூற்றாண்டில் வெட்ஸ்டைன் என்ற அறிஞர் சொன்னார். சைனாய்ட்டிகஸில் முதலில் எழுதினவன் 'அவர்' என்றுதான் எழுதியிருக்கிறான், பிற்காலத்துக் கை ஒன்று மேலே திருத்தி வைத்திருக்கிறது. திருத்தினவனும் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பான், என்னைப்போல.

அதனால் கோமரைத் தேடும்போது ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். அச்சுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முந்தைய பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பெயர்த்துக்கொண்டே வருவது, தெரியாத எழுத்துக்குப் புள்ளி வைப்பது, ஊகிக்காமல் இருப்பது. பதினோரு ராத்திரி ஆனதற்கு அதுதான் காரணம். நேராகத் தேடியிருந்தால் இரண்டாம் நாளே கண்டுபிடித்திருப்பேன், இல்லாத இடத்தில் கண்டுபிடித்திருக்கவும் கூடும். காப்பா, கால் மேலே. மியூ, கால் கீழே. நோட்டில் வரைந்து வைத்த அதே கால்கள்.

கோமரைப்பற்றி அந்த வணிகன் சொல்வது சின்ன விஷயம். அங்கே ஒரு துறை இருக்கிறது, மிச்ச வாழ்நாளைத் துறவியாகக் கழிக்க விரும்புகிறவர்கள் அங்கே வந்து குளித்து மணமில்லாமல் தங்கிவிடுகிறார்கள், பெண்களும் அப்படியே. ஏனென்றால் தெய்வம் ஒரு காலத்தில் அங்கே தங்கிக் குளித்தாள் என்று சொல்கிறார்கள். மிளகு விலையும் காற்றுப் பருவமும் எழுதிக்கொண்டு வந்த ஆள், எங்கள் அம்மனைக் கேள்விப்பட்டு இரண்டு வரி எழுதி வைத்துவிட்டுக் கொற்கை முத்துக்குப் போய்விடுகிறான். பைசாந்தியத்தில் இதைப் பார்த்து எழுதின கைக்கு கோமர் எங்கே இருக்கிறது என்று என்ன தெரியும்? இந்தியப் பெயர்கள் வரும் இடமெல்லாம் பிரதியில் தடுமாற்றம் அதிகம், பதிப்பாசிரியர்கள் திருத்திக்கொண்டே போகிறார்கள்.

அதில் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம் நாட்டுக்கு அந்த நூலில் பெயர் லிமிரிக்கே. பழைய புவியியல் நூல் எழுதிய தாலமியிடமும் அப்படித்தான். ஆனால் பியூட்டிங்கர் அட்டவணை என்ற பழைய ரோமானிய வழி வரைபடத்தில் அது 'தமிரிக்கே' என்று இருக்கிறது. கிரேக்கப் பெரிய எழுத்தில் லாம்டா என்பது கூரைபோல இரண்டு கோடு, டெல்டா அதே கூரைக்குக் கீழே ஒரு தரைக்கோடு. அந்தத் தரைக்கோட்டை எவனோ ஒருவன் விட்டுவிட்டதால்தான் தமிழகம் லிமிரிக்கே ஆகிவிட்டது என்று கால்டுவெல் முதல் பலர் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை, இரண்டு தனித்தனி நூலிலும் லாம்டாவே இருக்கிறதே என்பது மறுப்பு. எனக்கும் டெல்டா என்று நம்பத்தான் ஆசை. ஆசை இருப்பதாலேயே என் தீர்ப்பை யாரும் கேட்க வேண்டாம். என் நோட்டில் லாம்டா என்றுதான் எழுதியிருக்கிறேன், பிரதியில் இருப்பது அது.

போன வாரம் அப்பாவுக்கு முசிறிப் பாப்பிரஸின் படத்தைக் காட்டினேன். வியன்னாவில் இருக்கும் 2ஆம் நூற்றாண்டுத் தாள். இது புத்தகக் கை அல்ல, ஓட்டமான தொழில் கை, என்னால் இதில் நாலு சொல்கூடச் சேர்ந்தாற்போல வாசிக்க முடியவில்லை, அச்சுப் பாடத்தை வைத்துத்தான் பொருள் சொன்னேன். முசிறிக்குப் போய்வரும் சரக்கின்மேல் கடன், செங்கடல் கரையிலிருந்து ஒட்டகத்தில் கோப்தோஸ், அங்கிருந்து நைல் வழியாக அலெக்சாந்திரியா, சரக்கு கடன் கொடுத்தவர் முத்திரையோடு கிட்டங்கியில் இருக்க வேண்டும், கால் பங்கு வரி, திருப்பித் தராவிட்டால் ஈட்டை எடுத்துக்கொள்ளலாம்.

அப்பா போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "மேலே கிழிஞ்சு போச்சா?"

ஆமாம், ஆரம்பம் இல்லை, யார் யாருக்கு எழுதிக்கொடுத்தது என்று தெரியாது என்றேன்.

"பின்பக்கம்?"

பின்பக்கம் ஒன்று உண்டு என்று நான் சொல்லவே இல்லை. உண்டு. ஹெர்மாப்பொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்குக் கணக்கு, கங்கைக்கரைச் சடாமாஞ்சில், யானைத் தந்தம், எடை, விலை, கூட்டுத்தொகை. அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"கணக்கு ஒத்துப்போகுதா?"

இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள் அப்பா என்றேன். கண்ணாடியையும் ஒரு பென்சிலையும் எடுத்துவரச் சொன்னார்.